மாற்றுப் பாதையில் போன தம்பி

"கிரிவலப் பாதையில எட்டு லிங்கத்துக்கிட்டயும் போட்டோவைக் காட்டிட்டேன் மேடம். எட்டு பேருமே பார்க்கலைன்னுட்டாங்க."

வல்லரசு செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டான். ஒரு காலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். நான்கு வருடங்களாகப் பிர்தௌஸின் துப்பறியும் அலுவலகத்துக்கு அவன்தான் ஒரே ஊழியன். சின்னக்கடைத் தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். கீழே தையல் மெஷின் ஓடினால் மேலே மேசையில் டம்ளர் நடுங்கும்.

"மனுஷங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் பிர்தௌஸ்.

"இளநீர்க் கடை, ஜூஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ஒருத்தரும் பார்க்கல. ஆசிரமத்துக்கிட்ட ஒரு சாமியார் மட்டும் போட்டோவ ரொம்ப நேரம் பார்த்தாரு. 'நீ தேடுறவன் நீதான்'னாரு. நான் இல்ல சாமி, எனக்கு மீசை கிடையாதுன்னுட்டு வந்துட்டேன்."

பிர்தௌஸ் சிரிக்கவில்லை. மேசையின் மேல் இருந்த புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடர்ந்த மீசை, ஐம்பத்தைந்து வயது, கேமராவைப் பார்க்கக் கூச்சப்படும் கண்கள். பெயர் புகழேந்தி. நாக்பூரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு, போன புதன்கிழமை சொந்த ஊருக்கு வந்து, அடுத்த நாளே காணாமல் போனவர்.

அப்படித்தான் அவருடைய அக்கா சந்திரகலா சொல்லியிருந்தார். அறுபத்தோரு வயது. அடி அண்ணாமலையில் தனியாக இருப்பவர். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பக்கத்து வீட்டு சரசுவோடு படியேறி வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: புதன்கிழமை காலை வாராந்திர எக்ஸ்பிரஸில் தம்பி வந்தான். வண்டி பத்து நிமிஷம் லேட்டு. எஸ் 4 பெட்டியிலிருந்து இறங்கினதும் காலில் விழுந்தான். வியாழக்கிழமை விடியற்காலை கிரிவலம் போகிறேன் என்று கிளம்பினான். திரும்பி வரவில்லை. போலீஸுக்கு மட்டும் போகவேண்டாம்.

பிர்தௌஸ் பதினைந்து வருடங்கள் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த வீடுகளில் கேள்வி கேட்டுத் திரிந்தவள். பேசுகிறவர்களின் முகத்தை அவள் அதிகம் பார்ப்பதில்லை. அவர்கள் சொல்லும் சின்னச் சின்ன விவரங்களைத்தான் பார்ப்பாள். சந்திரகலா தம்பி வந்ததைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். தம்பி காணாமல் போனதைப் பற்றி இரண்டே வரி சொன்னார். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வா வல்லரசு, ஸ்டேஷனுக்குப் போலாம்."

"அவரு மலைக்குப் போனாரு மேடம். ரயிலுக்கு இல்ல."

"மலையில அவரைப் பார்த்த ஆள் ஒருத்தர்கூட இல்ல. இறங்கின இடத்துலயாவது யாராவது பார்த்திருப்பாங்களான்னு கேப்போம்."

ஸ்டேஷன் வாசலில் பொன்னி என்ற பெண் டீயும் வடையும் விற்றாள். எந்த வண்டிக்கு எத்தனை வடை போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிர்தௌஸ் புகைப்படத்தை நீட்டியபோது அவள் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"எப்போ வந்தாருன்னீங்க?"

"புதன்கிழமை காலையில. வாராந்திர எக்ஸ்பிரஸ்ல."

"அந்த வண்டிக்குன்னு அறுபது வடை போட்டேன். ஐம்பத்தெட்டு மிச்சம். மறக்குமா அது?" என்றாள் பொன்னி. "புதன்கிழமை அந்த வண்டி இங்க வரவே இல்லங்க. போளூர் பக்கம் பாலத்துல வேலைன்னு காட்பாடியிலேயே திருப்பி விட்டுட்டாங்க. அரக்கோணம், காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு சுத்திக்கினு, விழுப்புரத்துல போய் பழைய ரூட்டுல சேர்ந்துக்குச்சு. மைக்குல சொன்னாங்க."

வல்லரசு கையிலிருந்த வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"மீதி ரெண்டு வடை?" என்று கேட்டாள் பிர்தௌஸ்.

"ஒண்ணு நான் தின்னேன். இன்னொண்ணு ஓர் அம்மா வாங்கினாங்க. வயசானவங்க. அஞ்சரைக்கே வந்து பெஞ்சுல உக்காந்துட்டாங்க. வண்டி வராதும்மான்னு நானே போய்ச் சொன்னேன். தலையாட்டினாங்க. ஆனா எழுந்துக்கல. பதினோரு மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க. வடையை வாங்கினாங்களே ஒழிய சாப்பிடல."

அலுவலக வேனில் ஏறியதும் வல்லரசு குரலைத் தாழ்த்தினான். "வராத வண்டியில வந்த தம்பி. மேடம், எனக்கென்னவோ அந்தம்மா வீட்டுத் தோட்டத்துல புது மண்ணு இருக்கான்னு பார்க்கணும்னு தோணுது."

"முதல்ல டீ குடு‌ப்பாங்க. குடிச்சிட்டுப் பாரு."

சந்திரகலாவின் வீடு கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கடலைக் கொல்லையை ஒட்டி இருந்தது. இரண்டு அறைகள். பக்கத்து அறையில் கட்டில் மேல் புது விரிப்பு. அதன் மேல் மடித்த துண்டு, துண்டின் மேல் ஒரு சோப்பு. பிர்தௌஸ் கதவருகே நின்று அதைப் பார்த்தாள். சோப்பின் உறை பிரிக்கப்படவே இல்லை.

பின்பக்கம் போய்விட்டு வந்த வல்லரசு அவள் காதோரம் சொன்னான்: "தோட்டமே இல்ல மேடம். பூரா சிமெண்டு."

சந்திரகலா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பிர்தௌஸ் வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

"வண்டி பத்து நிமிஷம் லேட்டுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாம்மா."

"அந்த வண்டி அன்னிக்கு இங்க வரவே இல்ல. உங்களுக்கும் அது தெரியும். பதினோரு மணி வரைக்கும் பெஞ்சுல இருந்திருக்கீங்க."

சந்திரகலா திரும்பவில்லை. கரண்டியால் டீயைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தம்பிக்குச் சர்க்கரை கம்மியா போடட்டுமா?" என்று கேட்டார்.

"ஜாஸ்தியாவே போடுங்கம்மா," என்றான் வல்லரசு. "ரெண்டு நாளா மலையைச் சுத்தி இருக்கேன்."

அதைக் கேட்டதும்தான் சந்திரகலாவின் தோள்கள் தளர்ந்தன. கரண்டியை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருவாட்டி டிக்கெட்டைப் போட்டோ புடிச்சு அனுப்பினான். வரல. போன தீபாவளிக்கு அனுப்பினான். அப்பவும் வரல. ஒருவாட்டி லீவு கிடைக்கலையாம்னேன், ஒருவாட்டி உடம்பு சரியில்லையாம்னேன். தெருவுல நானே சொல்லிச் சமாளிச்சேன். இந்தவாட்டி ரயிலே வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. உண்மைதான். ஆனா யார் நம்புவாங்க? எனக்கே நம்பிக்கை இல்ல. அவன் ஏறியே இருக்க மாட்டான்னுதான் நினைச்சேன்."

"தெருவுல என்ன சொன்னீங்க?"

"வீட்டுக்கு வந்தேன். சரசு வாசல்ல நின்னுக்கிட்டு 'தம்பி வந்துட்டாரா அக்கா'ன்னா. 'வந்துட்டான், உள்ள தூங்குறான்'னு வாயில வந்துடுச்சு." சந்திரகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னதும் எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பேருக்குச் சமைச்சேன். டிவியைச் சத்தமா வெச்சேன். இந்த வீட்டுல இன்னோர் ஆள் இருந்தா எப்படி இருக்கும்னு பார்த்துக்கிட்டேன். ஆனா தூங்குறவன் எழுந்து வெளிய வரணும் இல்ல? அதனால மறுநாள் கிரிவலத்துக்கு அனுப்பிட்டேன். அப்படியே ஊருக்குப் போயிட்டான்னு சொல்லி முடிச்சுடலாம்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட வந்தீங்க?"

"வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். சண்டை போட்டாக்கூட போனை அணைச்சு வைக்கிறவன் இல்ல. பயம் வந்துடுச்சு. போலீஸ்ல சொன்னா அவங்க தெருவுல விசாரிப்பாங்க. உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்னுதான் கிளம்பினேன். சரசு கூடவே வந்துட்டா. அவ பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிம்மா சொல்லுவேன்?"

அடுப்பை வல்லரசே அணைத்து, டீயை வடிகட்டி, முதல் டம்ளரைச் சந்திரகலாவின் கையில் கொடுத்தான்.

"உங்க போனைக் காட்டுங்கம்மா," என்றாள் பிர்தௌஸ்.

வாட்ஸ்அப்பில் அக்காவும் தம்பியும் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. மேலே எஸ் 4 பெட்டியின் டிக்கெட் படம். அதற்குக் கீழே, புதன்கிழமை காலை ஒன்பது முப்பத்தெட்டுக்குச் சந்திரகலா பெஞ்சிலிருந்து அனுப்பிய செய்தி: 'இந்த தடவையும் வரலயா?' பக்கத்தில் நீல நிறத்தில் இரண்டு டிக். அதற்கும் கீழே, பத்து பத்துக்கு இன்னொன்று: 'பரவால்ல.' அதற்கு ஒரே ஒரு சாம்பல் டிக்.

"முதல் மெசேஜைப் படிச்சிருக்கான், பார்த்தீங்களா? படிச்சிட்டு ஒரு வார்த்தை பதில் போடல. அதான் எனக்கு உறுதி ஆயிடுச்சு, அவன் வரலைன்னு."

பிர்தௌஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள்.

"ஒன்பது முப்பத்தெட்டுக்கு அவர் போன் உயிரோட இருந்துச்சு. பத்து பத்துக்கு இல்ல. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இல்ல. கோவத்துல இருக்கறவரு ஒரு நாள் போனை அணைக்கலாம். அஞ்சு நாள் அணைக்க மாட்டாரு. அந்த அரை மணி நேரத்துல என்னமோ நடந்திருக்கு." அவள் திரும்பினாள். "அம்மா, உங்க தம்பி ஏறலைன்னு யார் சொன்னாங்க? அவர் ஏறி இருந்தா?"

சந்திரகலா நிமிர்ந்து பார்த்தார்.

"ரயில்தான் வேற வழியில போயிடுச்சு," என்றாள் பிர்தௌஸ்.

பிர்தௌஸின் தம்பி ஷோயப் சரக்கு ரயில் கார்டு. அரக்கோணம் செங்கல்பட்டு தடத்தில் கன்டெய்னர்களோடும், புதுக் கார்கள் ஏற்றிய வண்டிகளோடும் பாதி வாழ்க்கையைக் கழிப்பவன். அவள் போன் செய்தபோது கார்டுகள் தங்கும் ஓய்வறையில் படுத்திருந்தான்.

"புதன்கிழமையா? நல்லா ஞாபகம் இருக்கு ஆபா," என்றான். "அது ஒத்தை லைன். எங்க கூட்ஸ் வண்டிங்களுக்கே அங்க இடம் பத்தாது. அதுல வெளியூர் எக்ஸ்பிரஸ் ஒண்ணைக் கொண்டாந்து விட்டா என்ன ஆகும்? ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு, எதிர்ல வர்ற கூட்ஸை விட்டுட்டுத்தான் நகரணும். பாலூர்ல மட்டும் ஒண்ணேகால் மணி நேரம் நின்னுச்சு. ஒன்பது அஞ்சுலேர்ந்து பத்து இருபது வரைக்கும். மூணு கூட்ஸ் கடந்தோம். மூணாவதுல நான் இருந்தேன்."

"அந்த வண்டியில எஸ் 4ல யாராவது பையை விட்டுட்டு இறங்கிட்டாங்களான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. வண்டி திருச்சியோடு முடிகிறது. அங்கே எஸ் 4 பெட்டியில், இருபத்து மூன்றாம் சீட்டுக்குக் கீழே ஒரு பை கிடந்திருக்கிறது. கொக்கியில் தண்ணீர் பாட்டில், ஜன்னலோரம் கண்ணாடிக் கூடு. கேட்டு யாரும் வரவில்லை.

"அது அவன் சீட்டுதான்," என்றார் சந்திரகலா. அவர் குரல் மிகச் சிறியதாக இருந்தது. "வந்திருக்கான்."

"வந்தாரு. திரும்ப ஏறிடலாம்னு நினைச்சுத்தான் இறங்கி இருக்காரு. அதான் பாட்டிலைக்கூட எடுக்கல. உங்க மெசேஜைப் படிச்சிருக்காரு. பக்கத்து லைன்ல கூட்ஸ் வண்டி போகும்போது பெட்டிக்குள்ள பேச முடியாது. கொஞ்சம் தள்ளிப் போய் உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இறங்கி இருக்கணும்."

அறையில் இருந்த மூன்று பேருக்கும் அடுத்த யோசனை ஒன்றாகத்தான் வந்தது. மூன்று சரக்கு ரயில்கள். காதில் போனை வைத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடக்கும் மனிதர்.

போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை ஷோயபின் குரலில் வேகம் இல்லை.

"பாலூர்ல கேட்டேன் ஆபா. நம்ம வண்டிங்க கடந்த அப்புறம், சின்னப் பாலத்துக்குக் கீழ ஓர் ஆள் கிடந்தாராம். டிராக்மேனுங்க பார்த்துத் தூக்கி, ஆம்புலன்ஸ்ல செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இருக்காங்க. அதுக்கு மேல அவங்களுக்குத் தெரியல."

"உயிரோட?"

"தூக்கும்போது மூச்சு இருந்துச்சாம்."

வேன் சேத்துப்பட்டைத் தாண்டி வந்தவாசி சாலையில் போய்க்கொண்டிருந்தது. சந்திரகலா பின் சீட்டில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். அதில் அந்தப் புதுத் துண்டை வைத்திருந்தார். வல்லரசு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஓட்டினான். நான்கு வருடத்தில் பிர்தௌஸ் அப்படி ஒரு பயணத்தை அவனோடு போனதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள் வெயிலில் காலியாகக் கிடந்தன.

வந்தவாசி தாண்டியதும் சந்திரகலா கேட்டார்: "நான் அனுப்பினதைப் பார்த்துட்டுத்தான் இறங்கினானா?"

பிர்தௌஸால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது சொல்லியிருக்க முடியும். தண்ணீர் பிடிக்க இறங்கியிருப்பார், காற்று வாங்க இறங்கியிருப்பார். இத்தனை நாள் ஒரு பொய் செய்த வேலை போதும் என்று தோன்றியது.

"அப்படித்தான் தெரியுதும்மா," என்றாள்.

சந்திரகலா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

விசாரணை ஜன்னலில் பிர்தௌஸ் புகைப்படத்தைக் காட்டினாள். உள்ளே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமை, ஆம்புலன்ஸ், பாலூர். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"புகழேந்தி. எலும்பு முறிவு வார்டு, முதல் மாடி. ஆபரேஷன் ஆயிடுச்சு." பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "நீங்க யாருங்க? உறவுக்காரங்க யாரும் இல்லைன்னு அவரே எழுதச் சொல்லி இருக்காரே."

சந்திரகலா படியேறத் தொடங்கினார்.

வார்டின் கடைசிக் கட்டிலில் புகழேந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள். தூக்குச் சட்டிகள், பழத்தோல்கள், பேச்சுச் சத்தம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்கூட இல்லை. யாரோ இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கால் இடுப்பிலிருந்து கட்டுப் போட்டு நீட்டப்பட்டிருந்தது.

"டேய்," என்றார் சந்திரகலா.

அவர் திரும்பினார். இருபத்தெட்டு வருடங்கள். முதலில் அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"யாரும் இல்லைன்னா எழுதச் சொன்ன?"

"போன் தண்ணியில போயிடுச்சு. உன் நம்பர் மனசுல இல்ல," என்றார் புகழேந்தி கைக்குப் பின்னாலிருந்து.

"அட்ரஸு இருந்துச்சு இல்ல?"

தமிழ் புகழேந்திக்கு மெதுவாகத்தான் வந்தது. "ரெண்டு வாட்டி ஏமாத்தினேன். என் சம்சாரம் செத்தப்போகூட உனக்குச் சொல்லல. உன்கிட்ட வந்து என்னத்தச் சொல்றதுன்னு ரெண்டு வாட்டியும் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். இந்த வாட்டி ஏறினேன்க்கா. நிஜமா ஏறினேன். ரயிலு வேற பக்கம் போகுது. நீ மெசேஜ் போடுற, வரலயான்னு. ஓடி இறங்கினேன் பேசலாம்னு. கல்லு சறுக்கிடுச்சு." கையை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன. "இப்போ கால் போயிடுச்சு. எழுந்து நடக்க மூணு மாசமாம். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, உன் தலையில வந்து விழுறதுக்கா நான் வரணும்?"

"பின்ன யார் தலையில விழுவ?"

சந்திரகலா பையைத் திறந்து துண்டை எடுத்தார். பக்கத்துக் கட்டில்காரர் பாட்டிலிலிருந்து தண்ணீர் வாங்கி அதை நனைத்தார். ஐந்து நாள் தாடி படிந்திருந்த தம்பியின் முகத்தை, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தார். அவர் தடுக்கவில்லை.

பிர்தௌஸும் வல்லரசும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"மேடம், சரசம்மா கேட்டா இன்னா சொல்றது? கிரிவலத்துல விழுந்து கால் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாமா? ஒரு நாள்தான் வித்தியாசம்."

"வேணாம் வல்லரசு."

அதற்குள் சந்திரகலாவே வெளியே வந்தார். போனில் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கூச்சல் மிகுந்த அந்த வராந்தாவில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

"சரசு, நான்தான். தம்பி கிடைச்சிட்டான். கால் உடைஞ்சு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில இருக்கான்." ஒரு மூச்சு இழுத்தார். "சரசு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் புதன்கிழமை வரல. வீட்டுக்கு அவன் வரவே இல்ல. நான் சும்மா சொன்னேன்."

எதிர்முனையிலிருந்து சரசுவின் குரல் வந்தது.

"தெரியும்க்கா."

"என்னது?"

"புதன்கிழமையே தெரியும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. டிவி சத்தம் கேக்குது, உன் பேச்சு கேக்குது, இன்னொரு ஆள் பேச்சு கேக்கல. உன் மனசு கஷ்டப்படுமேன்னு நானும் கேக்கல." சரசு சற்று நிறுத்தினாள். "வந்தவரு காணாம போயிட்டாருன்னு நீ சொன்னதும்தான் எனக்குப் பயமாயிடுச்சு. வராதவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் அந்த மேடத்துக்கிட்ட நானே உன்கூட வந்தேன். சரி, அதெல்லாம் விடு. கால்லயா அடி? எந்தக் காலு? அந்த ரூம் கட்டில் உசரமாச்சே, அவரால ஏற முடியாது. எங்க வீட்டுது தாழ்வா இருக்கு. அதை மாத்திப் போட்டு வைக்கட்டுமா?"

சந்திரகலா சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"போட்டு வை சரசு," என்றார்.